கோர்ட் கார்டுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் டாரட் பயிலும் மூவர் சென்ற ஞாயிறன்று ஒருவருக்கொருவர் சீட்டு விரித்துப் பலன் சொல்லிப் பழகினார்கள். கோர்ட் கார்டு விழுந்தபோதெல்லாம், தொடக்க காலத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் அவர்கள் வாயிலிருந்தும் வந்தது: "உங்கள் வாழ்க்கையில் இப்படி ஒருவர் இருக்கிறார்." 78 சீட்டுகளில் 16 இந்த வகையைச் சேர்ந்தவை, கோல், கோப்பை, வாள், நாணயம் ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் பேஜ் (ஏவலன்), நைட் (குதிரை வீரன்), ராணி, ராஜா என நால்வர் உண்டு. கோலுக்கு நெருப்பு, கோப்பைக்கு நீர் என ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய பூதத்தை மறப்பது போன்ற பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சீட்டைக் கண்டதும் ஆளைத் தேடுவது

இந்த ஒரு தவற்றை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. நான் செய்த பிழைக்கான விலையை என்னை நம்பி வந்த ஒரு பெண்மணி கொடுத்தார்.

வீட்டில் நிம்மதி இல்லை, என்ன செய்வது என்று அவர் கேட்டார். பத்துச் சீட்டுகள் கொண்ட கெல்டிக் கிராஸ் விரித்தேன். ஏழாம் இடத்தில் வாள் ராணியும் எட்டாம் இடத்தில் நாணயம் நான்கும் விழுந்தன. ஏழாம் இடம் கேட்பவரையே குறிக்கும், எட்டாம் இடம் அவருடைய வீட்டையும் சுற்றத்தையும் குறிக்கும் என்பது எனக்கு அன்றும் தெரியும். ஆயினும் ராணியின் இறுகிய முகத்தைக் கண்டவுடன் இடத்தை மறந்து, "கூர்மையான நாக்குள்ள ஒரு பெண் உங்கள் வீட்டில் இருக்கிறார், எச்சரிக்கையாக இருங்கள்" என்றேன். "என் நாத்தனார்தான்" என்றார் அவர், ஒரு நொடியும் யோசிக்காமல். சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் நானும் தலையசைத்தேன்.

எட்டு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோதுதான் முழுச் செய்தியும் தெரிந்தது. அவருடைய நகைகளைக் கணவர் அடகு வைத்து மீட்காமல் விட்டிருந்ததே வீட்டின் உண்மையான சிக்கல். அதைக் கணவரிடம் நேருக்கு நேர் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. அந்த வீட்டில் அவருக்காகப் பேசிய ஒரே ஆள் நாத்தனார்தான். என் சொல்லை நம்பி இவர் நாத்தனாரோடு பேசுவதையே நிறுத்தி, அவருடைய மகளின் வளைகாப்புக்கும் போகாமல் இருந்துவிட்டார்.

சீட்டுகள் தெளிவாகவே பேசியிருந்தன. நாணயம் நான்கில் ஒருவன் ஒரு காசை மார்போடு அணைத்து, இரண்டைக் காலடியில் அழுத்தி, ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்; வீட்டைக் குறிக்கும் இடத்தில் அது விழுந்தால் பணம் இறுகிக் கிடக்கிறது என்றே பொருள் கொள்ள வேண்டும். நிமிர்த்திய வாளும் முன்னே நீட்டிய கையுமாக அமர்ந்திருந்த ராணி, கேட்பவர் தாமே எடுத்துக்கொள்ள வேண்டிய நிலையைக் காட்டினாள்: கேட்க வேண்டியதை ஒளிக்காமல் கேட்பது.

அதன்பின் ஒரு வரிசையை வகுத்துக்கொண்டேன். கோர்ட் கார்டு விழுந்தால் முதலில் அது எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்கிறேன்; அடுத்து, கேட்பவரின் இயல்பில் ஒரு பகுதியாக அது இருக்குமா என்றும், அவர் மேற்கொள்ள வேண்டிய அணுகுமுறையாக இருக்குமா என்றும் பார்க்கிறேன். கேள்வியே இன்னொருவரைப் பற்றியதாகவோ, அந்த இடமே பிறரைக் குறிப்பதாகவோ இருந்தால் மட்டுமே வேறோர் ஆளாகக் கொள்கிறேன். அப்போதும் ஒற்றைச் சீட்டை வைத்து எவருக்கு எதிராகவும் எச்சரிக்கை சொல்வதில்லை.

முடியின் நிறத்தையும் வயதையும் பொருத்துவது

ஆர்தர் எட்வர்ட் வெயிட், தாம் உருவாக்கிய ரைடர் டாரட் சீட்டுக்கட்டுக்கு 1910இல் வெளியிட்ட விளக்கநூல் கோலைப் பொன்னிற முடிக்கும் நாணயத்தை மிகக் கறுத்தவர்களுக்கும் ஒதுக்குகிறது. அவ்வழியில் போனால், நம்மிடம் வருவோரில் பெரும்பாலோர் வாளிலும் நாணயத்திலும் அடங்கிவிடுவார்கள். வயதைப் பொறுத்தவரை, நாற்பதைக் கடந்த ஆணுக்கு நைட், அதற்குக் குறைந்தவருக்கு ராஜா என்பது அவர் வகுத்த முறை. ராஜா என்றால் முதியவர் என்று உறுதியாகச் சொல்லும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ராணி பெண், ராஜா ஆண்

இல்லை. ஆணின் கேள்விக்கும் ராணி விழலாம். 15ஆம் நூற்றாண்டு மிலானில் வரையப்பட்டு இன்று யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள சீட்டுக்கட்டில் பெண் நைட்டுகளும் இருக்கிறார்கள்.

பேஜ் என்றால் குழந்தை

பெரும்பாலும் அது ஒரு செய்தி, அல்லது ஒன்றைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் நிலை.

ஒரு கட்டின் பொருளை இன்னொரு கட்டில் ஒட்டுவது

ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் என்ற டாரட் சீட்டுக்கட்டில் ராஜா கிடையாது. நைட், ராணி, இளவரசன், இளவரசி என்பதே அங்குள்ள வரிசை. குதிரையேறிய நைட்தான் முதல் நிலையில் இருக்கிறான். இதை அறியாமல் தோத் நைட்டுக்கு எழுதப்பட்ட விளக்கத்தை, 1909இல் வெளியான ரைடர் கட்டின் படத்தில் இளைஞனாக உள்ள நைட்டுக்குச் சொல்பவர்கள், முதிர்ந்த அதிகாரத்தை அவசரக்கார இளைஞனிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

படத்தைப் பாராமல் பட்டியலை ஒப்பிப்பது

வாள் ராணிக்கு வெயிட் தந்த பொருள்களில் முதலாவது கைம்மை. அதை மனப்பாடம் செய்திருந்த ஒரு மாணவி, புதிதாகத் திருமணமான தோழியிடம் அப்படியே சொல்ல வாயெடுத்தபோது நான் இடைமறித்தேன். பமீலா கோல்மன் ஸ்மித் ரைடர் கட்டுக்கு வரைந்த படங்களே நிறையச் சொல்கின்றன. நான்கு நைட்டுகளின் குதிரைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வாளின் குதிரை நாற்கால் பாய்ச்சலில் ஓடுகிறது, கோலின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்புகிறது, கோப்பையின் குதிரை நிதானமாக நடக்கிறது, நாணயத்தின் குதிரை உழுத வயலின் முன் அசையாமல் நிற்கிறது. வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டவருக்கு நாணய நைட் விழுந்தால், பட்டியலைத் தேடும் முன் நிற்கும் அந்தக் குதிரையை அவருக்குக் காட்டுங்கள்.