ஒரு குழாய், இரண்டு பாக்டீரியா: இரும்புக்கான போட்டியை அளப்பது எப்படி

நம் உடலில் இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபெரின், லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் அதைக் கட்டிவைத்திருப்பதால் பாக்டீரியாவின் கைக்கு எட்டுவதில்லை. அதைப் பறிக்க ஈ.கோலை என்டெரோபாக்டின் என்னும் மூலக்கூறை வெளியே அனுப்பி, இரும்போடு அதைத் திரும்ப உள்ளிழுக்கிறது. அது உள்ளே நுழையும் வாசல்தான் ஃபெப்-ஏ என்னும் புரதம். அந்த வாசல் இல்லாத பாக்டீரியா எவ்வளவு பின்தங்கும் என்பதை ஆய்வகத்தில் எண்ணாகவே சொல்லிவிடலாம்.

ஈ.கோலையின் நோய் உண்டாக்காத ஆய்வக வகையான கே-12 போதும். ஒன்று மாற்றம் செய்யாத இயல்வகை, மற்றொன்று ஃபெப்-ஏ மரபணுவை நீக்கி, அந்த இடத்தில் கனமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணு வைத்த நீக்கல்வகை.

இரண்டையும் தனித்தனியே எல்.பி. என்னும் சத்து மிகுந்த ஊடகத்தில் 37 டிகிரியில் இரவு முழுக்க வளர்க்கவும். பிறகு எம்9 என்னும் எளிய உப்புக் கரைசலில், இரும்பு சேர்க்காமல், இரண்டு முறை கழுவவும். இதைத் தவிர்த்தால் எல்.பி.யிலிருந்து வரும் இரும்பே போட்டியைக் கெடுத்துவிடும். 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (கலங்கல் அளவு) 1 ஆகச் சரிசெய்து, சம அளவில் கலந்து, அதில் 5 மைக்ரோலிட்டரை 5 மி.லி. எம்9 ஊடகத்தில் (0.4% குளுக்கோஸ்) விடவும். ஊடகத்தில் இரும்பைப் பிடித்துவைக்கும் 2,2'-டைபிரிடைல் 100 முதல் 200 மைக்ரோமோலார் இருக்கட்டும். உடலின் புரதங்கள் செய்யும் வேலையை இங்கே செய்வது அதுதான். சரியான அளவை முன்கூட்டியே இயல்வகையைத் தனியாக வளர்த்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். அதுவே வளரவில்லை என்றால் அளவு அதிகம்.

கலந்தவுடனும் 24 மணி நேரம் கழித்தும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 100 மைக்ரோலிட்டர் வீதம் சாதாரண எல்.பி. தட்டிலும், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கனமைசின் கலந்த தட்டிலும் பரப்பவும். முதல் தட்டில் இரண்டும் வளரும், கனமைசினில் நீக்கல்வகை மட்டுமே வளரும். 30 முதல் 300 காலனிகள் (ஒரு செல்லிலிருந்து வளர்ந்த திட்டுகள்) உள்ள தட்டுகளை மட்டும் எண்ணவும். தொடக்கத் தட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒளி அடர்த்தி சமம் என்றால் உயிருள்ள செல்களும் சமம் என்று பொருளில்லை. அந்தத் தட்டு இல்லாத முடிவை நம்பவே முடியாது.

ஒரே நீர்ப்பில் தொடக்கத்தில் மொத்தம் 144, கனமைசினில் 64 என்றால் இயல்வகை 80, நீக்கல்வகைக்கும் இயல்வகைக்கும் உள்ள விகிதம் 0.8. முடிவில் மொத்தம் 240, கனமைசினில் 40 என்றால் விகிதம் 0.2. போட்டிக் குறியீடு 0.2 ÷ 0.8 = 0.25. அதாவது நீக்கல்வகை இரண்டு இரட்டிப்புகள் பின்தங்கிவிட்டது.

இதற்குக் காரணம் இரும்புதானா? 200 மைக்ரோமோலார் டைபிரிடைல் உள்ள இன்னொரு குழாயில் 100 மைக்ரோமோலார் ஃபெரஸ் சல்ஃபேட் சேருங்கள். மூன்று டைபிரிடைல் ஓர் இரும்பைப் பிடிப்பதால் இந்த அளவு மிஞ்சும். குறியீடு 1-ஐ ஒட்டி, அதாவது யாரும் பின்தங்காமல், வரவேண்டும். வரவில்லையா, சந்தேகம் கனமைசின் மரபணுவின் சுமைமீது விழும். அதே மரபணுவைத் தீங்கற்ற இடத்தில் செருகிய இயல்வகையை, செருகாததோடு மோதவிட்டுப் பாருங்கள்.

தொல்லை தருவது பெரும்பாலும் கண்ணாடிதான். அதில் ஒட்டிய இரும்பு நாளுக்கு நாள் முடிவை மாற்றும்; அமிலத்தில் கழுவிய கண்ணாடியோ புதிய பிளாஸ்டிக் குழாயோ பயன்படுத்துங்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் திரும்பச் செய்யவும்.

ஃபெப்-ஏ-க்குப் பதில் என்டெரோபாக்டினைத் தயாரிக்கும் மரபணுவை நீக்கினால் கதை வேறு. அந்த வகை தானாகச் செய்யாவிட்டாலும், அடர்த்தி கூடும்போது பக்கத்து செல் வெளியிட்டதை எடுத்துப் பிழைக்கும். கலவையில் தோற்காமல், தனியே வளர்த்தால் மட்டும் தடுமாறும். எனவே ஒவ்வொரு வகையையும் தனியாக வளர்த்த குழாய்களும் பக்கத்தில் இருக்கவேண்டும்.