மாம்பழத் தயிர்க் கட்டி பாறையாக உறையாமலிருக்க

வீட்டில் உறைய வைத்த மாம்பழத் தயிர்க் கட்டிகள், கடித்தால் நறநறவென்று வெறும் பனிக்கட்டியாகவே இருந்ததற்குக் காரணம் தண்ணீர்தான். முழுப்பால் தயிரிலேயே 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உண்டு. அது மெதுவாக உறையும்போது பெரிய படிகங்களாகத் திரள்கிறது. ஆகவே, தயிரை மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இரவு முழுவதும் வடியவிட்டேன். வெளியில் தொங்கவிட்டால் கோடை வெப்பத்தில் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் துணியைப் பிரித்தபோது, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குத் தயிர் இறுகியிருந்தது. வடிந்த இளமஞ்சள் நீர் சப்பாத்தி மாவு பிசையப் பயன்பட்டது.

பங்கனப்பள்ளி மாம்பழக் கூழை அடிகனமான வாணலியில் மிதமான தீயில் சுண்டவைத்து, நன்றாக ஆறிய பின்னரே தயிருடன் கலந்தேன். சர்க்கரையே கூடாது என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. இனிப்பூட்டுவதோடு, தண்ணீர் உறையும் வெப்பநிலையைத் தாழ்த்திக் கட்டியை மிருதுவாக வைப்பதும் அதுவே. குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும் என்பதால், கலவை நாவுக்குச் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும்.

ஆழமான அச்சுகளைத் தவிர்த்து, எவர்சில்வர் தட்டில் விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பியதால் கலவை விரைவில் உறைந்தது. வெளியில் எடுத்துச் சில நிமிடங்கள் பொறுத்தால் கத்தி தடையின்றி இறங்குகிறது.