விண்டோஸ் 11க்கு மாறும் முன் கணினியின் அடிப்படை மொழியைச் சரிபார்ப்பதும் மாற்றுவதும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸை நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி 11க்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்று செட்டப் (நிறுவும் நிரல்) கேட்கும்போது, ‘கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்ற வரி மட்டும் மங்கலாக இருக்கும், சொடுக்கினால் நகராது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ‘நத்திங்’கைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் போய்விடும். முதலில் மொழியைப் பாருங்கள்.

திரையில் தெரியும் மொழி ஒன்று, விண்டோஸ் முதன்முதலில் நிறுவப்பட்ட மொழி இன்னொன்று. முதலாவதை செட்டிங்ஸில் நினைத்தபோதெல்லாம் மாற்றலாம், ஆனால் செட்டப் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டாவதை. அது ஐஎஸ்ஓவின் மொழியோடு பொருந்தாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. தமிழில் விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தமிழ் ஒரு மேல்பூச்சாக மட்டுமே வருகிறது, அடியில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

சரி, உங்கள் கணினியில் எது இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்டார்ட் மெனுவில், விண்டோஸின் உள் அமைப்புகளைக் காட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் தேடித் திறந்து, இடப்பக்கத்தில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், என்எல்எஸ், லாங்குவேஜ் என்று ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போங்கள். வலப்பக்கத்தில் எண்களாக ஒரு நீண்ட பட்டியல் தெரியும், அதன் கடைசிக்குப் போனால் ‘இன்ஸ்டால் லாங்குவேஜ்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 0409 என்றிருந்தால் அமெரிக்க ஆங்கிலம், 0809 என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலம், 0407 ஜெர்மன், 040C பிரெஞ்சு. பார்த்துக் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள், இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

இந்த இரண்டு ஆங்கிலத்தில்தான் பாதிக் குழப்பமே. மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)’, ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ என்று இரண்டு இருக்கும். 0409க்கு முதலாவது, 0809க்கு இரண்டாவது. இரண்டும் ஆங்கிலம்தானே என்று எதையாவது இறக்கினால் செட்டப் ஒத்துக்கொள்ளாது.

என்னைக் கேட்டால், கணினியின் மொழிக்கு ஏற்ற ஐஎஸ்ஓவை மறுபடி இறக்குவதுதான் நல்ல வழி. கொஞ்சம் டேட்டாவும் நேரமும் போகும், வேறு எந்த ஆபத்தும் இல்லை. உங்களுடையது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் இன்னொரு திரை மொழியைச் சேர்க்கவே அனுமதி இல்லை.

கணினி உங்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் நிறுவப்பட்டிருக்கிறது, அந்த மொழியே இனி வேண்டாம் என்றால் மட்டும் கீழே உள்ளபடி மாற்றுங்கள். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயும் கையில் இருக்கட்டும்.

1. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய், வேண்டிய மொழியைச் சேருங்கள். நிறுவும்போது அதைத் திரை மொழியாக்கும் கட்டத்தையும் டிக் செய்து, முடிந்ததும் சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

2. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’, அதில் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ தாவல், அங்கே ‘காப்பி செட்டிங்ஸ்’. வெல்கம் ஸ்கிரீன், புதிய கணக்குகள் இரண்டையும் டிக் செய்யுங்கள். இதே தாவலில் யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி என்று ஒன்று இருக்கும், அது வேறு விஷயம், அதை மாற்றுவதால் செட்டப்புக்கு ஒரு பயனும் இல்லை. இந்தப் படியில் விசைப்பலகை அமைப்பும் சேர்ந்து லாகின் திரைக்குப் போகும் என்பதால் கடவுச்சொல்லில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் அமைப்பில் ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள் குறிதான் வரும். சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொன்னால், லாகின் திரையின் வலது கீழ் மூலையில் எந்த விசைப்பலகை இருக்கிறது என்று பாருங்கள்.

3. மறுபடி ரெஜிஸ்ட்ரி எடிட்டர். அந்த ‘லாங்குவேஜ்’ பகுதியின் மேல் வலது சொடுக்கு செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு பிரதியைச் சேமியுங்கள், ஏதாவது கோளாறு என்றால் பழைய மதிப்புகளைத் திரும்பக் கொண்டுவர அது வேண்டும். அப்புறம் ‘இன்ஸ்டால் லாங்குவேஜ்’ வரியை இரட்டைச் சொடுக்கில் திறந்து, ஐஎஸ்ஓவின் மொழிக்குரிய எண்ணைப் போடுங்கள். ‘ஃபால்பேக்’ என்று முடியும் இன்னொரு வரி அருகிலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

4. ரீஸ்டார்ட். எண் மாறியபடியே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கில் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓடவிடுங்கள்.

கடைசித் திரையில் ‘இன்ஸ்டால்’ பொத்தானுக்கு முன் சுருக்கமாக ஒரு பட்டியல் வரும். கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்வதாக அதில் எழுதியிருந்தால் மட்டும் அழுத்துங்கள், இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள், அதுவரை எதுவும் அழிந்திருக்காது. அப்கிரேட் முடிந்தபின் தமிழ் முகப்பு காணாமல் போயிருந்தால் செட்டிங்ஸில் முன்பு சொன்ன அதே இடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.