120 ஃபிலிமில் இருந்து நல்ல கறுப்பு வெள்ளை பிரிண்ட்

120 ஃபிலிமில் எடுத்த 6×6 (செ.மீ.) நெகட்டிவ்வில் படம் இருக்கும் பகுதி ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம். 2400 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தாலே ஒரு பக்கத்துக்கு 5,290 பிக்சல் கிடைக்கும்; 300 டிபிஐயில் 17 அங்குலத்துக்கு மேல் பிரிண்ட் போடலாம். அதனால் ரெசல்யூஷனை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகளையும் பதிவு செய்யும் 16 பிட் கிரேஸ்கேல்தான் முக்கியம்.

ஸ்கேனரின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இரு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டு ஸ்கேன் செய்யுங்கள். படம் சப்பென்று, சாம்பல் பூத்தாற்போல வரும். அப்படித்தான் வர வேண்டும். கான்ட்ராஸ்ட்டை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம், ஸ்கேனில் வெட்டுப்பட்டுப்போன நிழல் விவரம் திரும்ப வராது.

ஸ்கேனரில் உள்ள இன்ஃப்ராரெட் தூசி நீக்கமும் வேண்டாம். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். ஸ்கேனர் அதையும் தூசியாக நினைத்து அழித்துவிடும். புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வதே நல்லது.

சரி, பிரிண்ட்டுக்கு வருவோம். திரையில் தெரிகிற நிழல் விவரம் தாளில் கறுப்பாக அப்பிக்கொள்வதுதான் பெரிய ஏமாற்றம், பளபளப்பில்லாத மேட் தாளில் இன்னும் அதிகம். 0 (வெள்ளை) முதல் 100 சதவீதம் (முழுக் கறுப்பு) வரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் வரைந்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் தாளிலேயே அடித்துப் பாருங்கள். 90, 95, 100 மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால், எடிட்டிங் மென்பொருளில் ஒளி அளவை மாற்றும் கர்வ்ஸில் அந்தப் பகுதியை மட்டும் லேசாகத் தூக்குங்கள்.

சாம்பலில் பச்சையோ ஊதாவோ தட்டினால் பிரிண்டரின் கறுப்பு வெள்ளை மோடுக்கு மாறுங்கள். மை ஒரு நாள் காய்ந்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.