லைட் ஸ்டாண்ட் ஏன் சாய்கிறது?

வீட்டில் படமெடுக்க லைட் ஸ்டாண்ட் வாங்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கை மட்டும் நம்புவதுதான் பெரிய தவறு. ‘3 கிலோ தாங்கும்’ என்றால், பாரம் தண்டுக்கு நேர் மேலே இருந்தால் தாங்கும் என்று பொருள். விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸை, 90 செ.மீ. அளவில் மாட்டியதும் பாரம் முன்பக்கம் தள்ளிப்போகிறது. விளக்கு ஒன்றரைக் கிலோதான் என்றாலும் ஸ்டாண்ட் குப்புற விழப் பார்க்கும். ஃபேன் ஓடினால் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி காற்றையும் வாங்கிக்கொள்ளும்.

மூன்று கால்களில் ஒன்று சாஃப்ட்பாக்ஸுக்கு நேர்கீழே நீட்டியிருக்கட்டும். மணல் பையைப் பின்பக்கக் காலில் தொங்கவிடுங்கள். பை தரையில் படுத்துவிட்டால் அதன் எடை ஸ்டாண்டுக்குச் சேராது. இடம் போதவில்லை என்று கால்களைப் பாதி விரிப்பதும் ஆபத்து, நடுத்தண்டு தரையில் இடிக்கும் அளவுக்கு விரிப்பதும் ஆபத்து. கால்களையும் தண்டையும் இணைக்கும் குறுக்குப்பட்டைகள் ஏறக்குறைய தரைக்கு இணையாக வந்தால் சரி.

விளக்கைத் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கும் கம்பியான பூம் வாங்குகிறவர்கள் கணக்கே போடுவதில்லை. 1 கிலோ விளக்கு தண்டிலிருந்து 100 செ.மீ. தள்ளித் தொங்கினால், அதைச் சமன்செய்ய மறுமுனையில் 25 செ.மீ. தூரத்தில் 4 கிலோ வேண்டும். பூமின் சொந்த எடையைச் சேர்க்காமலே ஸ்டாண்டின் தலையில் 5 கிலோ! அந்த 3 கிலோ ஸ்டாண்ட் இதற்கு ஆகாது, கனத்த உலோகக் கால்கள் கொண்ட சி-ஸ்டாண்ட் வேண்டும். அதிலும் பூமைப் பிடிக்கும் குமிழைப் பார்த்தபடி நின்றால், விளக்கு உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது பாரம் கீழே இழுக்க இழுக்கக் குமிழ் இறுகும். இடப்பக்கம் இருந்தால் அதே பாரம் குமிழைத் தளர்த்திவிடும்.

உயரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அறை 2.7 மீட்டர் உயரம் என்றால், நிமிர்ந்து நிற்கும் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸின் மையம் 2.25 மீட்டருக்கு மேல் போகவே போகாது. 3 மீட்டர் மெல்லிய ஸ்டாண்டைவிட 2.4 மீட்டர் தடித்த குழாய் ஸ்டாண்ட் நல்லது. ஏற்றும்போது தடித்த பகுதியை முதலில் ஏற்றுங்கள், மெல்லியது கடைசியில். இறக்கும்போது, குழாய் சட்டென்று விழாமல் காற்றால் தாங்கும் ஏர் குஷன் இருந்தாலும், மேல்குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டே குமிழைத் தளர்த்துங்கள்.

கேமரா டிரைபாடே போதும் என்பது இன்னொரு நினைப்பு. அதன் 1/4 அங்குலத் திருகில் மாட்டிய கனமான விளக்கு, திருப்பும்போது மரை தளர்ந்து தானாகச் சுழலக்கூடும். 16 மி.மீ. முனை உள்ள ஸ்டாண்டில் விளக்கின் பிடி முழுதாக இறங்கிப் பக்கத்திலிருந்து இறுகும். கையடக்க ஃபிளாஷ் என்றால் சாஃப்ட்பாக்ஸை அதன் அடிப்பாதத்தின் மேல் சுமத்தாதீர்கள், பிளாஸ்டிக் உடைந்துவிடும். சாஃப்ட்பாக்ஸின் வளையத்தைத் தானே தாங்கும் எஸ் வடிவப் பிடி வாங்குங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக, விளக்கை மாட்டத் தரைக்கும் கூரைக்கும் இடையே முட்டுக்கொடுக்கும் கம்பத்தை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் நிறுத்தவே கூடாது, பலகை பிளந்துவிடும்.

ஒயரை விளக்கிலிருந்து நேராகச் சுவருக்கு இழுக்காதீர்கள். தண்டோடு கீழே இறக்கி அடியில் ஒரு கட்டுப் போட்டுவிட்டால், காலில் தட்டினாலும் ஸ்டாண்டின் அடிதான் கொஞ்சம் நகரும். மேலிருந்து இழுபட்டால் விளக்கோடு கவிழும்.