செடி வைத்த மீன்தொட்டி: கை சும்மா இருக்க வேண்டிய இடங்கள்

சின்ன மீன்தொட்டியில் செடி அழுகிப்போனால் முதலில் பழி விழுவது தண்ணீர் மேல்தான். "எங்க ஊர் உப்புத் தண்ணி, இதுல செடியெல்லாம் வராது" என்று கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, ஹார்ன்வார்ட் என்ற நீர்ச்செடிகள் நாலும் போர்த் தண்ணீரைத் தாங்கும். வாலிஸ்னேரியாவுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் பிடிக்கவும் செய்யும். செடி சாவதற்குக் காரணம் பெரும்பாலும் நட்ட விதம், விளக்கு எரியும் நேரம், அடிக்கடி பிடுங்கிப் பார்க்கும் கை ஆகியவைதான்.

அதற்கும் முன்னால் கடையிலேயே நடக்கும் தவறு ஒன்று உண்டு. தண்ணீருக்குள் வைத்து விற்கிறார்கள் என்பதற்காக எல்லாம் நீர்ச்செடி ஆகிவிடாது. லக்கி பாம்பூ, டிரசீனா, சின்கோனியம் எல்லாம் தரைச்செடிகள். வேர் மட்டும் நனைந்தால் பிழைக்கும், இலையோடு மூழ்கினால் சில வாரமோ சில மாதமோ பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு அழுகும். எடுத்துப் பாருங்கள்: தண்ணீரை விட்டு வெளியே பிடித்தும் இலை விறைப்பாக, மெழுகு பூசியதுபோல நின்றால் சந்தேகப்படலாம். இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது; அனுபியாஸும் விறைப்பாகத்தான் இருக்கும். பெயரைக் கேட்டு, செல்போனில் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கல்லுக்குள் புதைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இரண்டுக்கும் இஞ்சி மாதிரிக் கிடையாக ஓடும் தண்டு ஒன்று இருக்கும். ரைசோம் என்பார்கள். மேல்பக்கம் இலை விடும், கீழ்ப்பக்கம் வேர் விடும். அந்தத் தண்டு திறந்த தண்ணீரில் இருக்க வேண்டும். கல்லுக்கு அடியில் போனால் பழுப்பாகி, விரலால் அமுக்கினால் குழைந்துவிடும், நாற்றமும் வரும். அப்புறம் இலைகள் காம்போடு ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். அந்த நிலையிலும் முழுச் செடியைத் தூக்கிப்போட வேண்டாம். கெட்டியான பச்சைப் பகுதி வரும்வரை கூரான பிளேடால் அழுகலை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று இலை உள்ள துண்டைக் கட்டை மேலோ கருங்கல் மேலோ பருத்தி நூலால் கட்டுங்கள். நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

ஹார்ன்வார்ட் கொத்தாக, ஈயப் பட்டை சுற்றி வரும். பட்டையோடு நட்டால் நசுங்கிய இடத்திலேயே தண்டு அழுகும். அவிழ்த்து மிதக்கவிடுங்கள், போதும். அதற்கு உண்மையான வேரே கிடையாது. சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் பஞ்சோடு வரும் செடிகளுக்கும் கிண்ணத்தைக் கழற்றி, பஞ்சைப் பொறுமையாகப் பிய்த்தெடுத்துவிட்டே நட வேண்டும்.

கிரிப்டோகோரைன் கதையே தனி. கடைகளில் அதிகம் கிடைக்கும் 'வென்டி' (wendtii) என்ற வகை இலங்கை ஓடைகளைச் சேர்ந்தது. எளிய செடிதான், ஆனால் இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடி போல ஆகி, கூழாகிக் கரையும். செடி செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்குவதுதான் இங்கே தவறு. பண்ணைகளில் பெரும்பாலும் இலையைத் தண்ணீருக்கு மேலே விட்டுத்தான் வளர்க்கிறார்கள். அந்தப் பழைய இலை போய்தான் நீருக்கடியில் வாழும் புது இலை வர வேண்டும். கூழான இலைகளை மட்டும் கிள்ளி எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து துளிர் வரும். நடுவில் "வேர் பிடிச்சிருக்கா" என்று இழுத்துப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்துதான்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்பக்கம் வரிசையாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் என்று நினைத்து நறுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது செடி இனம் பெருக்க உண்டாக்கும் வித்துப் பொட்டுதான். முதிர்ந்த இலைகளிலேயே குட்டிச் செடிகள் முளைத்து, மெல்லிய பழுப்பு வேரோடு தொங்கும். இலவசமாக வருவதை ஏன் குப்பையில் போட வேண்டும்?

விளக்கு விஷயத்தில் எல்லோருக்கும் கை தாராளம். ஹாலுக்கு அழகு என்று காலையிலிருந்து ராத்திரி தூங்கும்வரை எரியவிட்டால், செடியை விடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். மெதுவாக வளரும் அனுபியாஸ் இலையில் கறுப்பு முடி மாதிரிப் பாசி ஒட்டினால் தேய்த்தாலும் போகாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். ஒரு டைமர் சாக்கெட் வாங்கி மாட்டிவிட்டால் கவலை இல்லை. நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

மாடித் தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டிஏபி மிச்சம் இருக்கிறதே என்று ஒரு சிட்டிகை போட்டுவிடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா, சின்னத் தொட்டியில் மீன்களைக் கொன்றுவிடக்கூடும். இந்தச் செடிகளுக்கு மீன் கழிவே பெரும்பாலும் போதும். கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா இரண்டுக்கும் மட்டும் வேரடியில் ஒரு உர வில்லை வைக்கலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையே இல்லை. 'திரவக் கார்பன்' என்று விற்கும் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு என்ற, கிருமிநாசினியாகவும் பயன்படும் ரசாயனம். அது வாலிஸ்னேரியாவையும் ஹார்ன்வார்ட்டையும் கரைத்துவிடக்கூடும்.

செடிதான் ஆக்சிஜன் தருகிறதே என்று ராத்திரி ஏர் பம்பை நிறுத்துவதும் வேண்டாம். விளக்கு அணைந்தபின் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மே மாதச் சூட்டில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மீன் தேர்வும் முக்கியம். கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் மென்மையான செடி எதுவும் தப்பாது. அனுபியாஸ் மாதிரி கெட்டி இலைதான் தாக்குப்பிடிக்கும். கப்பி, மோலி என்றால் பிரச்சினை இல்லை. செடி அளவுக்கு மீறிப் பெருகினால் வெட்டியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள் அல்லது உரமாக்குங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிதான்.