ஈறு நோய்க்கான எலும்புச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை: செய்ய வேண்டியவை

பல்வேர்வரை ஆழமாகச் சுத்தம் செய்து 4 முதல் 6 வாரங்கள் கழித்து அளக்கும்போதும் ஈற்றுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் இடைவெளியின்) ஆழம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பு மேடுபள்ளமாகத் தெரிந்தால், ஈற்றை விலக்கி எலும்பைச் செதுக்கிச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இழந்த எலும்பு இதனால் திரும்ப வளராது. ஈறு பின்வாங்கிப் பல் நீண்டு தெரியும், குளிர்ந்த நீர் பட்டால் கூசும் என்பதைச் சம்மதிக்கும் முன்பே அறிந்திருப்பது மிக முக்கியம். நீரிழிவு இருந்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொண்டாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

தையல் பிரிக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள், அந்த இடத்தில் பிரஷ் படாமல், மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் மென்மையாகக் கொப்பளித்து, தயிர்சாதம் போன்ற காரமற்ற உணவை ஆறவைத்து உண்ணுங்கள். புகைப்பழக்கம் காயம் ஆறுவதைக் கெடுப்பதால் அதை அறவே விட வேண்டும். பின்னர், பெரும்பாலும் 3 மாதங்களுக்கு ஒருமுறை, பராமரிப்புச் சுத்தம் தேவைப்படும்.